நோயைச் சேர்க்காமல் ஸ்டெம் செல் ஆய்வுக்கு நிதி கேட்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: "போஸ்ட்டாக் முடித்துச் சொந்த லேப் தொடங்கியிருக்கிறேன். தசை ஸ்டெம் செல்கள் காயம் படும்வரை எப்படி உறங்கிக் கிடக்கின்றன என்பதுதான் என் ஆய்வு. முதல் கிராண்ட் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. 'வெறும் விவரிப்பாக இருக்கிறது', 'மருத்துவப் பயன் தெளிவாக இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். ஏதாவது ஒரு நோயைச் சேர்த்தால்தான் அடிப்படை ஆய்வுக்குப் பணம் கிடைக்குமா? பெயர்பெற்ற மூத்தவர் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டுமா?"

நோயைச் சேர்க்க வேண்டாம். உங்கள் கேள்விக்கும் ஒரு நோய்க்கும் உண்மையிலேயே தொடர்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். இல்லாதபோது கடைசிப் பத்தியில் தசைச்சிதைவு நோய் என்று ஒட்டவைப்பதால் ஒரு மதிப்பெண்கூட ஏறாது. மதிப்பீட்டுக் குழுக்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒட்டு முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும். அதோடு போகாது. நோயின் பெயரை எழுதிவிட்டால் அந்த நோயை அறிந்த ஒருவரிடம் உங்கள் விண்ணப்பம் போகும். நோய் மாதிரி எலி எங்கே, நோயாளியின் தசைத் துணுக்கு எங்கே என்று அவர் கேட்பார். வாக்குக் கொடுத்தது நீங்கள். அவர் கேட்பது நியாயம்.

"மருத்துவப் பயன் தெளிவாக இல்லை" என்று ஒருவர் எழுதுகிறார் என்றால், பெரும்பாலும் அவருக்கு அறிவியல் பயனே தெளிவாகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். "இந்த விடை கிடைத்தால் யாருடைய எண்ணம் மாறும்?" என்று படிக்கும்போதே அவர் தேடியிருப்பார். கிடைக்கவில்லை. எனவே கைக்கு எளிதாக வந்த குறையை எழுதிவிட்டார். ஜான் குர்டன் 1962-இல் தவளையின் தலைப்பிரட்டைக் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு அழிக்கப்பட்ட முட்டைக்குள் வைத்து, நீந்தும் தலைப்பிரட்டையை வளர்த்துக் காட்டினார். அந்த ஆய்வில் நோய் எதுவும் இல்லை. ஒரு செல் குடல் செல்லாக மாறிய பிறகு மற்ற மரபணுக்களை இழந்துவிடுகிறதா, அல்லது வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான் இருந்தது. இரண்டில் எந்த விடை வந்திருந்தாலும் உயிரியல் பாடம் மாறியிருக்கும். 2012-இல், முதிர்ந்த செல்லை மீண்டும் ஸ்டெம் செல் நிலைக்குக் கொண்டுவந்த ஷின்யா யமனாகாவோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் முக்கியத்துவப் பத்தி இந்த வடிவத்தில் இருக்க வேண்டும்: இன்று இரண்டு விதமாக நம்பப்படுகிறது, இந்தச் சோதனை அவற்றைப் பிரிக்கும், எது சரியென்று தெரிந்தால் இன்னின்ன ஆய்வுகளின் போக்கு மாறும்.

எந்த வாசலில் போய் நிற்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில் அறிவியல் தரம் ஒன்றை மட்டுமே அளவுகோலாக வைத்திருக்கிறது. அங்கே நோய்ப் பயனை நீட்டி எழுதுவது இடத்தை வீணடிப்பது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிதி அமைப்பான என்.ஐ.எச். 2025 ஜனவரி முதல் ஆய்வின் முக்கியத்துவம், முறையின் கண்டிப்பும் சாத்தியமும், ஆய்வாளரின் தகுதியும் வசதியும் என்ற மூன்று கூறுகளாகப் பிரித்து மதிப்பிடுகிறது. முதல் இரண்டுக்குத்தான் மதிப்பெண். மூன்றாவது போதுமா போதாதா என்ற அளவில் மட்டுமே பார்க்கப்படும். புதிதாக லேப் தொடங்கியவருக்கு இது நல்ல செய்தி. கலிஃபோர்னியாவின் ஸ்டெம் செல் நிறுவனம் வேறு வகை. 2004-இல் 300 கோடி டாலருக்கும் 2020-இல் மேலும் 550 கோடி டாலருக்கும் அந்த மாநில மக்கள் வாக்களித்தது சிகிச்சையை எதிர்பார்த்துத்தான். அங்கே அடிப்படை ஆய்வுக்கும் இடமுண்டு, ஆனால் அந்த அறிவு எந்த வழியாக நோயாளியிடம் போய்ச் சேரும் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே தொடர்பை எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அங்கே போகாதீர்கள்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். "விவரிப்பாக இருக்கிறது" என்ற குறிப்பு.

அடிப்படை ஸ்டெம் செல் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. எந்தச் சோதனையை வைத்து ஒரு செல்லை ஸ்டெம் செல் என்று சொல்கிறோம் என்பதும், விண்ணப்பத்தில் வைக்கும் கூற்றும் பொருந்துவதில்லை. ஸ்டெம் செல்லுக்கு முகத்தில் அடையாளம் கிடையாது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், வேறு வகைச் செல்களையும் உண்டாக்கும் என்ற இரண்டு செயல்களால்தான் அது ஸ்டெம் செல். செயலைச் செய்து முடித்த பிறகுதான் அது ஸ்டெம் செல்லாக இருந்தது என்று சொல்ல முடியும். மார்க்கர்கள், அதாவது செல்லை அடையாளம் காண நாம் பார்க்கும் மூலக்கூறுகள், எல்லாம் அந்தச் செயலோடு ஒத்துப்போகும் குறிகள் மட்டுமே.

டொரண்டோவில் டில், மெக்கல்லக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1961-இல் கதிர்வீச்சுக்கு மஜ்ஜைச் செல்கள் எவ்வளவு தாங்கும் என்று அளந்துகொண்டிருந்தார்கள். கதிர்வீச்சு கொடுத்த எலிகளுக்கு மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினால் சுமார் 10 நாளில் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தெரிந்தன. செலுத்திய செல்லின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் முடிச்சுகள் கூடின. 1963-இல் அதே குழு, கதிர்வீச்சால் ஏற்பட்ட குரோமோசோம் வடுக்களை அடையாளமாக வைத்து ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லிலிருந்து வந்தது என்று காட்டியது. ஸ்டெம் செல் உயிரியல் அங்கேதான் அளக்கக்கூடிய துறையானது. ஆனால் அந்த முடிச்சுகளை உண்டாக்கியவற்றில் பெரும்பாலானவை நீண்டகால இரத்த ஸ்டெம் செல்கள் அல்ல, கொஞ்ச காலம் பெருகி ஓய்ந்துவிடும் முன்னோடிச் செல்கள் என்று பின்னால் தெரிந்தது. இன்று 16 வாரமோ அதற்கு மேலோ இரத்தத்தை உண்டாக்கி, இரண்டாவது எலிக்கு மாற்றினாலும் உண்டாக்க வேண்டும் என்பது அளவுகோல். சோதனை மாறியதும் ஸ்டெம் செல் என்ற பெயர் பெற்ற செல்லும் மாறிவிட்டது.

இன்னொரு உதாரணம் வலி மிகுந்தது. சி-கிட் என்ற மார்க்கர் உள்ள செல்கள் முதிர்ந்த இதயத்தில் புதிய தசையை உண்டாக்குகின்றன என்ற கூற்று 2001 முதல் வளர்ந்து, மனிதர்களிடம் சிகிச்சைச் சோதனை வரை போனது. 2014-இல் அந்தச் செல்களை மரபணு வழியாக நிரந்தரமாக நிறமிட்டுப் பின்தொடர்ந்தபோது, அவை உண்டாக்கிய இதயத் தசைச் செல்கள் கணக்கில் சேராத அளவு குறைவாக இருந்தன. 2018-இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியும் பிரிகாம் மருத்துவமனையும் அந்தக் கூற்றை முன்வைத்த ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறப் பரிந்துரைத்தன. நேர்மையாக அந்தத் துறைக்குள் வந்த இளைய ஆய்வாளர்கள் பலரின் ஆண்டுகள் அதில் போயின. எனவே ஒரு மதிப்பீட்டாளர் உங்கள் மார்க்கரைச் சந்தேகிக்கும்போது அதைக் குத்தல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதிலிருந்து விண்ணப்பத்துக்கு என்ன வருகிறது? உங்கள் கூற்று திறனைப் பற்றியதா, நடப்பைப் பற்றியதா என்று முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். ஒரு செல் இடம் மாற்றினால், காயப்படுத்தினால், தட்டில் வளர்த்தால் என்ன செய்ய முடியும் என்பது திறன். தொந்தரவு செய்யாத திசுவில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது நடப்பு. இரண்டும் ஒன்றல்ல. குடலில் எல்.ஜி.ஆர்.5 என்ற மார்க்கர் உள்ள செல்கள்தான் ஸ்டெம் செல்கள் என்று 2007-இல் வம்சாவளித் தடமறிதல் (செல்லை நிறமிட்டு அதன் சந்ததியைப் பின்தொடர்வது) காட்டியது. 2011-இல் அந்தச் செல்களைக் கொன்று பார்த்தபோது வேறு செல்கள் அந்த இடத்துக்கு வந்து குடலைத் தொடர்ந்து காப்பாற்றின. முதல் ஆய்வு நடப்பைச் சொன்னது, இரண்டாவது திறனைச் சொன்னது, இரண்டும் சரி. நடப்பைப் பற்றிக் கேள்வி எழுப்பிவிட்டுத் திறனுக்கான சோதனையை வைத்திருக்கும் விண்ணப்பங்கள் எவ்வளவோ வருகின்றன. முறை அருமையாக இருக்கும், புள்ளியியல் சரியாக இருக்கும், ஆனால் கேட்ட கேள்விக்கு விடை வராது.

உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய முதல் நோக்கம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்:

"நோக்கம் 1: உறங்கும் தசை ஸ்டெம் செல்களையும் விழித்த தசை ஸ்டெம் செல்களையும் ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தல் மூலம் ஒப்பிட்டு, உறக்கநிலையைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களைக் கண்டறிதல்."

இதில் தோற்க வழியே இல்லை. ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று படிக்கும் முறை இது, எப்படியும் ஒரு பட்டியல் வரும். தோற்க முடியாத சோதனையைத்தான் மதிப்பீட்டாளர்கள் விவரிப்பு என்கிறார்கள். இரண்டாவது குறை துறைக்குள் இருப்பவருக்கே தெரியும். தசையை நொதியில் ஊறவைத்துச் செல்களைப் பிரித்தெடுக்க மணிக்கணக்கில் ஆகிறது. அந்த நேரத்தில் உறங்கிய செல் விழிக்கத் தொடங்கிவிடுகிறது. பிரித்தெடுக்கும் வேலையே ஃபாஸ், ஜுன் போன்ற மரபணுக்களைத் தூண்டுகிறது என்று 2017-இல் வெவ்வேறு குழுக்கள் காட்டின. திசுவை முதலில் ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்திவிட்டுப் பிறகு பிரித்தால் படம் வேறாக இருக்கிறது. ஆக, உறக்கநிலை என்று நீங்கள் தரும் பட்டியலில் பாதி விழிப்பின் தொடக்கமாக இருக்கலாம். "செல்களைப் பிரிப்பதற்கு முன் நிலைநிறுத்துவோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், இவருக்கு விஷயம் தெரியும் என்று மதிப்பீட்டாளர் நிமிர்ந்து உட்கார்வார்.

அதே நோக்கத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். உங்கள் முதல்நிலைத் தரவில் தேறிய புரதத்தை எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்ஸ்7 தசை ஸ்டெம் செல்லின் மார்க்கர்; டமாக்சிஃபென், நாம் விரும்பும் நேரத்தில் மரபணுவை வெட்டவைக்கும் மருந்து:

"நோக்கம் 1: காயமில்லாத தசையில் பேக்ஸ்7 செல்கள் உறங்குவதற்கு எக்ஸ் தேவையா என்று சோதித்தல். முதிர்ந்த எலியில் டமாக்சிஃபென் கொடுத்து பேக்ஸ்7 செல்களில் மட்டும் எக்ஸை நீக்கி, அதே செல்களை நிறமிட்டுப் பின்தொடர்வோம். எக்ஸ் தேவை என்றால், காயமில்லாமலே நிறமிட்ட செல்கள் குறைந்து, நிறம் தசைநார்களில் தெரியும். இருப்பு கரைவதற்குள் கொடுக்கும் முதல் காயம் ஆறும், 28 நாளுக்குப் பின் கொடுக்கும் இரண்டாம் காயம் சரியாக ஆறாது. காயமில்லாத தசையில் ஒரு மாற்றமும் இல்லாமல் முதல் காயமே ஆறாவிட்டால், எக்ஸ் உறக்கத்துக்கு அல்ல, விழித்த பிறகான பெருக்கத்துக்கு வேண்டியது. அப்போது நோக்கம் 2-இல் உறக்கத்தின் இடத்தில் பெருக்கத்தின் வழிமுறையைத் தொடர்வோம்."

இங்கே கருதுகோள் தோற்கலாம், தோற்றாலும் ஒன்று தெரியவரும். காயமில்லாத தசையைப் பார்ப்பது நடப்புக்கான சோதனை, இரண்டு காயம் கொடுப்பது தன்னைப் புதுப்பிக்கும் திறனுக்கான சோதனை. ஒரே ஒரு காயம் மட்டும் கொடுத்துவிட்டு "ஸ்டெம் செல் செயல்பாடு குறைந்தது" என்று எழுதுபவர்கள் பலர். முதல் காயத்தில் இருப்பில் உள்ள செல்கள் வேலையைச் செய்துவிடும். இருப்பு மீண்டும் நிரம்பியதா என்பது இரண்டாவதில்தான் தெரியும்.

நிறமிடுவதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், உறக்கம் கலைவதை, பிரியப்போகும் செல்லின் டி.என்.ஏ.வில் சேரும் இ.டி.யு. என்ற குறியின் ஏற்றத்தால் மட்டும் அளக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். பக்கத்துச் செல்லிலிருந்து வரும் நாட்ச் சமிக்ஞையை தசை ஸ்டெம் செல்களில் துண்டித்தால் அவை தாமாகவே உறக்கம் கலைகின்றன என்று 2012-இல் இரண்டு குழுக்கள் காட்டின. அவற்றில் பல செல்கள் ஒருமுறைகூட இரண்டாகப் பிரியாமல் நேரே தசைநாரோடு போய்ச் சேர்ந்துவிட்டன. பிரியாத செல் இ.டி.யு.வை ஏற்காது. இ.டி.யு. மட்டும் வைத்திருந்தால் "மாற்றம் எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு, செல்கள் ஏன் குறைந்தன என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருப்பீர்கள். இதே நாட்ச் ஆய்வு உங்களுக்கு இன்னொரு கடமையையும் வைக்கிறது. எக்ஸ் நாட்சுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, அல்லது தனி வழியா? அதைச் சொல்லாவிட்டால் "ஏற்கெனவே தெரிந்ததன் நீட்சி" என்ற குறிப்பு வரும். சொன்னால் அதுவே உங்கள் இரண்டாம் நோக்கம்.

நோக்கங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். முதல் நோக்கம் தோற்றால் இரண்டாவதும் மூன்றாவதும் செய்ய முடியாத நிலை வரக் கூடாது என்பது சரிதான். ஆனால் அதற்குப் பயந்து தொடர்பே இல்லாத மூன்று வேலைகளை ஒரே தலைப்பின் கீழ் வைப்பதும் தவறு. ஒரே கேள்வியை மூன்று பக்கத்திலிருந்து கேளுங்கள். என்.ஐ.எச்.-இன் வழக்கமான ஆய்வு நிதியான ஆர்01-க்கான விண்ணப்பத்தில் நோக்கங்களுக்கு ஒரு பக்கம், ஆய்வுத் திட்டத்துக்கு 12 பக்கம். குழுவில் பெரும்பாலோர் அந்த ஒரு பக்கத்தைத்தான் கவனமாகப் படிப்பார்கள். மொத்த உழைப்பில் பாதியை அதில் போட்டாலும் தகும்.

முதல்நிலைத் தரவு பற்றி. புதியவர்கள் பாதி வேலையை முடித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்துத் தவித்துப்போகிறார்கள். தரவு இரண்டு விஷயங்களைக் காட்டினால் போதும்: கேள்வி வெறும் கற்பனை அல்ல, சோதனை உங்கள் கையில் ஓடுகிறது. எக்ஸ் உறங்கும் செல்லில் இருக்கிறது, விழித்ததும் மறைகிறது என்று ஒரு திசு வெட்டுப் படம். டமாக்சிஃபென் கொடுத்தால் நூற்றுக்கு எத்தனை செல்லில் எக்ஸ் போகிறது என்று ஓர் எண். டமாக்சிஃபென் கொடுக்காத எலியில் நிறம் கசியவில்லை என்று ஒரு படம். இந்த மூன்றாவது படத்தைப் பெரும்பாலோர் வைப்பதில்லை. வைத்தால் தடமறிதல் மீது வரக்கூடிய சந்தேகம் முன்கூட்டியே அடங்கும். தரவே கைவசம் இல்லாத துணிச்சலான யோசனை என்றால், முதல்நிலை முடிவுகளைக் கட்டாயமாக்காத ஹியூமன் ஃப்ராண்டியர் சயன்ஸ் புரோகிராம் போன்ற இடங்கள் இருக்கின்றன. அங்கே வேறு நாட்டில், வேறு துறையில் இருப்பவரோடு புதிதாகக் கைகோக்க வேண்டும்.

எலிக் கணக்கு. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காலக்கெடு பொய்யாக இருப்பது இங்கேதான் பிடிபடும். டமாக்சிஃபெனால் இயங்கும் கிரே (மரபணுவை வெட்டும் நொதி), இரு பிரதியிலும் வெட்டப்பட வேண்டிய எக்ஸ், நிறம் காட்டும் ரோசா26 ரிப்போர்ட்டர் என மூன்றும் ஒரே எலியில் வேண்டும். எக்ஸும் ரிப்போர்ட்டரும் இரு பிரதியிலும் உள்ள எலிகள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டாலும், கிரே எலியோடு முதல் கலப்பு, அதில் பிறந்ததை மீண்டும் எக்ஸும் ரிப்போர்ட்டரும் உள்ள எலியோடு இரண்டாம் கலப்பு. இரண்டாம் கலப்பில் பிறக்கும் குட்டிகளில் நாலில் ஒன்றுதான் தேறும். ஒரே பாலினத்தில் செய்தால் எட்டில் ஒன்று. கரு வளர 3 வாரம், இனப்பெருக்க வயதுக்கு 6 முதல் 8 வாரம். முதல் தலைமுறைக்கு 10 வாரம், இரண்டாவது பிறந்து முதிர்ந்த எலியாக 14 வாரம், டமாக்சிஃபெனும் அது உடலிலிருந்து வெளியேறும் இடைவெளியும் 3 வாரம், காயத்துக்கு 4, மறுகாயத்துக்கு 4, வெட்டி எண்ணிப் படமெடுக்க 5. 40 வாரம் ஆகிவிட்டது, இன்னும் ஒரே ஒரு தொகுதி எலிதான் முடிந்திருக்கிறது. முதல் ஆண்டிலேயே நோக்கம் 1 முடியும் என்று எழுதியிருந்தால் எலி வளர்க்கும் எவரும் நம்பமாட்டார்கள். எக்ஸ் மரபணு, பேக்ஸ்7 இருக்கும் 4-ஆம் குரோமோசோமிலேயே இருந்துவிட்டால் நாலில் ஒன்று என்ற கணக்கே செல்லாது. அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கட்டுப்பாட்டு எலியும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். கிரே இல்லாத உடன்பிறப்பு மட்டும் போதாது. கிரேயும் டமாக்சிஃபெனும் இருந்து எக்ஸ் நீங்காத எலி வேண்டும். ஏனென்றால் கிரேயே செல்லுக்கு நஞ்சாகலாம். மேலே சொன்ன கலப்பில் அந்த எலி பிறக்காது. தனிக் கலப்பு, தனிக் கூண்டு, தனிச் செலவு.

செலவுத் திட்டத்தில் மதிப்பீட்டாளர்கள் தொகையைவிடப் பொருத்தத்தைப் பார்க்கிறார்கள். கூண்டுக் கட்டணமும், செல்களை எண்ணி வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியின் மணிக் கட்டணமும் விட்டுப்போயிருந்தால் இவர் இதைச் செய்து பார்த்ததில்லை என்று தெரிந்துவிடும். குறைத்துக் கேட்டால் இரக்கம் பிறக்காது. திட்டம் நடக்காது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

"மனிதச் செல்லிலும் காட்டுங்கள்" என்ற குறிப்பு அடுத்த சுற்றில் வரக்கூடும். தேவையில்லை என்று நீங்கள் நினைத்தால் ஏன் என்று எழுதுங்கள், அதுவும் ஏற்கப்படும். ஐ.பி.எஸ். செல்லிலிருந்து (முதிர்ந்த மனிதச் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பியது) தசை முன்னோடிகளை உண்டாக்கிச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் அதை அரைகுறையாக வைக்காதீர்கள். இப்படி உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மனித ப்ளூரிபொட்டன்ட் செல்கள் தட்டில் வளர வளரச் சில மாற்றங்களைத் திரும்பத் திரும்பப் பெறுகின்றன. 20-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் 20கியூ11.21 என்ற பகுதி இரட்டிப்பாவது அவற்றில் ஒன்று. அதில் உள்ள பி.சி.எல்.2எல்1 மரபணு செல்லைச் சாகாமல் காக்கிறது, எனவே மாறிய செல்கள் சில வாரங்களில் தட்டையே பிடித்துக்கொள்கின்றன. பகுதி சிறியது என்பதால் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கமான ஜி-பட்டைக் கேரியோடைப்பில் பெரும்பாலும் தெரியாது. அந்தப் பகுதியையே குறிவைத்துப் பார்க்கும் ஃபிஷ் அல்லது கியூ.பி.சி.ஆர். சோதனை வேண்டும். "கேரியோடைப் சாதாரணமாக உள்ளது" என்ற ஒற்றை வரியை இன்று அனுபவசாலிகள் ஏற்பதில்லை. எத்தனை பாசேஜுக்கு (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றுவதற்கு) ஒருமுறை, எந்த முறையில் என்று எழுதுங்கள். ஸ்டெம் செல் ஆய்வுக்கான சர்வதேசச் சங்கமான ஐ.எஸ்.எஸ்.சி.ஆர். 2023-இல் வெளியிட்ட தரநிலைகள் இதற்குச் சரியான துணை. அவற்றைப் பின்பற்றுவதாகச் சொல்லிவிட்டு உண்மையிலேயே பின்பற்றுங்கள்.

ஐ.பி.எஸ். செல்லில் எத்தனை கொடையாளர் என்ற கேள்வியும் வரும். நூற்றுக்கணக்கான ஐ.பி.எஸ். செல் வரிசைகளை ஒப்பிட்ட பிரிட்டனின் ஹிப்சை திட்டம், செல்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் 5 முதல் 46 விழுக்காடு வரை கொடையாளர் யார் என்பதாலேயே வருகிறது என்று 2017-இல் காட்டியது. ஒரே கொடையாளரின் மூன்று குளோன்களை வைத்து எண்ணிக்கை மூன்று என்று எழுதினால் அது ஒரு மனிதரைப் பற்றிய ஆய்வு. ஒரு மரபணுவின் விளைவு மட்டும்தான் கேள்வி என்றால், மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் மூலம் அதே செல் வரிசையில் மாற்றியதும் மாற்றாததும் என இணை வைத்து, அதைக் குறைந்தது இரண்டு கொடையாளரிடம் திரும்பச் செய்வது நல்லது.

அனுமதிகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எலித் தசைக்கு விலங்கு நெறிக்குழு போதும். மனிதக் கருவிலிருந்து வந்த செல் வரிசை என்றால் நாட்டுக்கு நாடு விதி வேறு. என்.ஐ.எச். பணத்தில் அதன் பதிவேட்டில் உள்ள வரிசைகளை மட்டுமே தொடலாம். இந்தியாவில் ஐ.சி.எம்.ஆரும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி நிறுவன அளவிலான ஸ்டெம் செல் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஸ்டெம் செல்லிலிருந்து உண்டாக்கும் கரு மாதிரிகள் பக்கம் போகிறவர்கள் ஐ.எஸ்.எஸ்.சி.ஆரின் 2025 திருத்தத்தைப் படித்துவிட்டே எழுத வேண்டும். முப்பரிமாணக் கரு மாதிரிகள் அனைத்தும் இப்போது மேற்பார்வைக்கு உட்பட்டவை. ஒப்புதலுக்கு மாதங்கள் ஆகும் என்பதைக் காலக்கெடுவில் காட்டுங்கள்.

திரும்பி வந்த விண்ணப்பத்தை என்ன செய்வது? இரண்டு வாரம் மேசையில் இருக்கட்டும். பிறகு குறிப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்: உண்மையான குறை, நான் சரியாக எழுதாததால் வந்த தவறான புரிதல், கருத்து வேறுபாடு. இரண்டாவது வகையை "மதிப்பீட்டாளர் கவனிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். அவர் கவனிக்காத இடத்தில் எழுதியது நாம். மூன்றாவது வகைக்கு மரியாதையோடு காரணம் சொல்லி உங்கள் நிலையிலேயே நிற்கலாம்; எல்லாவற்றுக்கும் தலையாட்டி ஆளுக்கொரு சோதனை சேர்த்தால் விண்ணப்பத்தின் முதுகெலும்பு போய்விடும். என்.ஐ.எச்.-இல் மறு சமர்ப்பிப்பு ஒருமுறைதான், அதுவும் 37 மாதத்துக்குள். அதன் முதல் பக்கத்தில் "விவரிப்பு" என்ற குறைக்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள்: பட்டியல் தேடும் நோக்கத்தை எடுத்துவிட்டோம், அதன் இடத்தில் எக்ஸைச் சோதிக்கும் நோக்கம் வந்திருக்கிறது, அதற்கான தரவு இந்தப் படத்தில் இருக்கிறது என்று.

மூத்தவரைச் சேர்க்கலாமா என்பது கடைசிக் கேள்வி. அவர் பெயருக்காக என்றால் வேண்டாம். உங்கள் போஸ்ட்டாக் ஆசிரியர் என்றால் கட்டாயம் வேண்டாம். யோசனை யாருடையது என்ற கேள்வி உடனே எழும். மாறாக, எக்ஸ் உங்களிடம் தொடங்கியது, நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம், எங்கள் லேப் அதைத் தொடராது என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். புதியவருக்கு அது பெரிய பலம். உங்களிடம் இல்லாத திறமை எது என்று பாருங்கள். நிலைநிறுத்திய திசுவிலிருந்து ஆர்.என்.ஏ. எடுப்பதோ, ஒற்றைச் செல் தரவைப் பகுப்பதோ என்றால், அதைத் தினமும் செய்கிற, உங்கள் வயதொத்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய கடிதத்தில் பாராட்டு இருக்க வேண்டியதில்லை. எத்தனை மாதிரிகளைச் செய்து தருவார், எந்தக் கருவியில், எந்த மாதத்துக்குள், செலவு யாருடையது என்ற நான்கும் இருக்கட்டும்.

நோக்கங்கள் பக்கத்தைத் திருத்தி எழுதியதும், தசை பற்றி எதுவும் தெரியாத ஒரு உயிரியலாளரிடமும் எலி வளர்க்கும் ஒருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதலாமவர் கேள்வி என்ன என்பதைத் தாளைப் பார்க்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டாமவர் உங்கள் காலக்கெடுவை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் நடந்தால் அனுப்பலாம்.